முதுகில் ஒரு நீர்நாய்

மார்ச் 2, திங்கள்

நேற்று மதியம் பச்சை குத்திக்கொண்டேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. இடது தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீர்நாய். மல்லாந்து, கைகளை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, உலகக் கவலையே இல்லாமல் மிதக்கிற நீர்நாய். நாற்பதாவது பிறந்தநாளுக்கு நானே எனக்குக் கொடுத்துக்கொண்டது. மற்றவர்கள் போர்வையும் குக்கரும் கொடுத்தார்கள்.

குத்திய பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முடித்ததும் மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டு, கையில் ஒரு காகிதம் கொடுத்தாள். வாசனை இல்லாத சோப்பு. வெதுவெதுப்பான தண்ணீர். துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். களிம்பு மெல்லிசாக. வெயில் கூடாது. சொறியக் கூடாது. மூன்று வாரம் நீச்சல் கூடாது.

"ஆமா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"நீச்சல் சொல்லித் தரேன்."

அவள் கையுறையைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

சொன்னால் நீ குத்தமாட்டாய் என்றுதானே சொல்லவில்லை.

இன்றைக்கு நீச்சல்குளத்து மேலாளரிடம் தோள் பிடிப்பு என்று சொல்லிவிட்டேன். எப்போதும் கழுத்தில் ஒரு விசில் தொங்குவதால் அவருக்கு எங்களிடையே 'விசில்' என்றே பெயர். மூன்று வாரம் கரையில் நின்றே வகுப்பு எடுக்கச் சொன்னார். இரக்கத்தோடு தைலம் ஒன்றின் பெயரும் சொன்னார். பொய் சொன்ன வாய்க்கு நன்றி சொல்லவும் வேண்டியிருந்தது.

மாலையில் பிளாஸ்டிக்கை எடுக்கும் நேரம் வந்தது. அப்போதுதான் உறைத்தது. முதுகு எனக்கு எட்டாது.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பத்து மாடி உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிற மனிதர். ஒரு மூலையை உரித்தார். உள்ளே கறுப்பு மையும் கொஞ்சம் ரத்தமும் கலந்து நின்றதைப் பார்த்தார். "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிறகு படுத்துவிட்டார். நான் அரைகுறையாகத் தொங்குகிற பிளாஸ்டிக்கோடு அவருக்கு விசிறிவிட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

கரண்டிக் காம்பின் நுனியில் பஞ்சைச் சுற்றி, அதில் களிம்பைத் தடவி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே முயன்றேன். பாதி சட்டையில். மீதி காதில்.

அத்தைக்கு இன்னும் தெரியாது. இவருடைய அம்மா எங்களோடு தங்க வந்து நான்கு மாதம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. அதுதான் பிரச்சினையே. "டீ போடட்டுமா அத்தை?" "உனக்கு சிரமம் இல்லைன்னா போடும்மா." இரண்டு பேரும் ரயிலில் எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்தவர்கள் மாதிரி முழங்காலை இடித்துக்கொள்ளாமல் வாழ்கிறோம். இந்த நிலையில் முதுகைக் காட்டி, "பாருங்க அத்தை, நீர்நாய்" என்று எப்படிச் சொல்ல?

மார்ச் 4, புதன்

மாட்டிக்கொண்டேன்.

காலையில் படுக்கை விரிப்பை மாற்ற வந்த அத்தை அப்படியே நின்றுவிட்டார். ராத்திரி மை கசிந்து விரிப்பில் அச்சுப்போல் பதிந்திருக்கிறது. அத்தை ஒரு பெரிய மருத்துவமனையின் துணிக் கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கறையைப் பார்த்தே நோயாளி எந்த வார்டு என்று சொல்லக்கூடியவர். அவரிடமா மறைக்க முடியும்?

"பெட்ஷீட்ல பெருச்சாளி படுத்துருக்கு" என்றார்.

"நீர்நாய் அத்தை."

"எங்க, காட்டு."

காட்டினேன். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டப்போகிறார், இல்லை அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"களிம்பை யாரு இப்படி சுவத்துக்குப் பூசற மாதிரி அப்பிருக்கறது?"

குளியலறைக்குப் போனார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, விரலிடுக்கு எல்லாம் தேய்த்து, கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்கு வருவதுபோல வந்தார். காகிதத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கழுவி, ஒற்றி, தடவி முடித்தபோது தடவியதே தெரியவில்லை. அவ்வளவு லேசான கை.

"தினம் ரெண்டு வேளை நான் போட்டு விடறேன். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க அத்தை."

"எனக்கு நீச்சல் கத்துக் குடு."

வயது அறுபத்து நான்கு. ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். அவ்வளவுதான்! "அவன்கிட்ட சொல்லாத. சளி பிடிக்கும், இடுப்பு பிடிக்கும்னு ஆரம்பிச்சுடுவான்."

நான் இப்போது தண்ணீரில் இறங்க முடியாதே என்றேன். தரையிலேயே ஆரம்பி என்றார்.

மார்ச் 6, வெள்ளி

கூடத்து மர பெஞ்சில் அத்தை குப்புறப் படுத்துக் காலை உதைக்கிறார். நான் "முட்டியை மடக்காதீங்க, இடுப்புல இருந்து" என்று கத்துகிறேன். இவர் சீக்கிரம் வேலை முடிந்து வந்துவிட்டார். கதவிலேயே நின்றார்.

"என்னம்மா இது?"

"முதுகு வலிக்கு" என்றார் அத்தை, காலை நிறுத்தாமல்.

இவர் என்னை நன்றியோடு பார்த்தார். "நல்லாப் பாத்துக்கறே" என்றார். எனக்கு இந்த வாரத்தில் இது இரண்டாவது பொய்க்கணக்கு.

மார்ச் 7, சனி

அரிக்கிறது. அரிக்கிறது. அரிக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

காகிதத்தில் இருக்கிறது: அரித்தால் சொறிய வேண்டாம், உள்ளங்கையால் மெல்லத் தட்டலாம். அத்தை அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"அப்போ மருமகளை அடிக்கலாம்னு எழுதியே குடுத்துருக்காங்க."

"மெல்லன்னு போட்டுருக்கு அத்தை."

பளார்.

இன்றைக்கு மட்டும் பதினோரு தடவை. சமையலறையில் நான் நெளிவதைப் பார்த்தாலே கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுகிறார். முகத்தில் என்ன சந்தோஷம்! கடைசித் தடவை இரண்டு பேருமே சிரித்து, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான்கு மாதத்தில் இந்த வீட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

மூச்சுப் பயிற்சியும் ஆரம்பித்தாயிற்று. வாஷ்பேசினில் தண்ணீர் நிரப்பி முகத்தை உள்ளே விட்டுக் குமிழி விட வேண்டும். முதலில் இரண்டு எண்ணுவதற்குள் எழுந்துகொண்டார். சாயங்காலம் ஐந்து வரை தாங்கினார்.

மார்ச் 10, செவ்வாய்

உரிகிறது! குளித்து வந்தபோது சட்டைக்குள் கறுப்புக் கறுப்பாகத் தோல். நீர்நாய்க்கு மீசை போய்விட்டதாம். அத்தை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொன்னார். பதறிப்போய் பச்சை குத்திய பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"உரியறது உரியட்டும்க்கா. புடுங்காதீங்க. கீழ இருக்கும்."

அத்தை போனை வாங்கி, "காது மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கேம்மா, அது வத்துமா?" என்று கேட்டார்.

காது அவ்வளவுதானாம்.

மார்ச் 12, வியாழன்

எங்கே தொடங்குவது. கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் கோபம்?

வியாழன் காலை எங்கள் குளத்தில் பெண்கள் நேரம். அத்தை வந்தே தீருவேன் என்றார். "மத்தவங்களுக்குக் கரையில நின்னுதானே சொல்லித் தர? எனக்கும் சொல்லு." சரி என்று அழைத்துப் போனேன். முழங்கால் வரை நீச்சல் உடை, தலைக்கு நீலத் தொப்பி. ஆழம் குறைந்த பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கினார். இடுப்பளவு. அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, நான் அந்தப் பக்கம் இரண்டு பெண்களின் கை வீச்சைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

திரும்பினால் நீலத் தொப்பியைக் காணோம்.

நெஞ்சளவு ஆழத்தில், தண்ணீருக்கு அடியில் நீலம். அசையவே இல்லை. எனக்கு அதற்குப் பிறகு நினைவு இல்லை. சட்டையோடு, செருப்போடு, பன்னிரண்டு நாள் பச்சையோடு குதித்தேன். அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்துக் கரையில் உட்கார வைத்தேன். அவர் இருமினார், கண்ணைத் துடைத்தார், என்னைப் பார்த்தார்.

"எதுக்கு இழுத்த?"

"மூழ்கிட்டீங்க அத்தை!"

"எட்டு எண்ணிட்டேன். பத்து எண்ணலாம்னு இருந்தேன். நீ இழுத்ததுலதான் தண்ணி குடிச்சேன்."

அவர் மூழ்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்துகொண்டிருந்தார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மானம் போனது போல இருந்தது. "இடுப்பளவுல நில்லுங்கன்னு சொன்னேன்ல? சொன்ன பேச்சைக் கேக்க மாட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். சின்னப் பிள்ளைகளிடம் கத்துகிற குரலில்.

அத்தை எழுந்து போனார். உடை மாற்றிக்கொண்டு வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"நாப்பது வருஷமா எங்க போனாலும் எல்லாரும் தண்ணில இறங்கிடுவீங்க. நான் செருப்பையும் பையையும் பாத்துக்கிட்டுக் கரையில உக்காந்துருப்பேன். ஒருத்தர் கூட நீயும் வான்னு கூப்பிட்டதில்ல. இன்னிக்குத்தான் உள்ள போனேன். நீயும் தூக்கிக் கரையில வச்சுட்ட."



மார்ச் 13, வெள்ளி

விசில் கூப்பிட்டனுப்பினார். நேற்று ஈரச் சட்டையில் என் முதுகு தெரிந்துவிட்டது.

"தோள் பிடிப்புன்னு சொன்னீங்க."

"ஆமா சார்."

"பிடிப்புக்கு வாலெல்லாம் இருக்கு."

மன்னிப்புக் கேட்டேன். தலை குனிந்து நின்றபோது அவருடைய சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் எடுத்து, பச்சை குத்திய பெண்ணின் போன் நம்பரை எழுதித் தரச் சொன்னார். தனக்கு இல்லையாம். நண்பருக்காம்.

அத்தை களிம்பு போட்டுவிட்டார். இரண்டு வேளையும். பேசாமல். அடிக்கவும் இல்லை.

மார்ச் 14, சனி

அத்தை நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார். "கொஞ்ச நாள் பொண்ணு வீட்ல இருக்கேன்." இவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மாவுக்கு முதுகு வலி சரியாயிடுச்சா?" என்கிறார்.

மேசையில் களிம்புக் குழாயை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். துவைத்து மடித்த பழைய பருத்தித் துணி பதினான்கு துண்டு, ஒரு நாளைக்கு இரண்டு என்று கணக்குப் பண்ணி.

மார்ச் 15, ஞாயிறு

பச்சையைச் சுற்றிச் சிவந்து, தொட்டால் சுடுகிறது. லேசாகக் காய்ச்சலும். மருத்துவரிடம் போனேன். "இதோட குளத்துல குதிச்சீங்களா?" என்றார். "நீச்சல் டீச்சரா?" என்றார். பிறகு ஒன்றும் கேட்காமல் மாத்திரை எழுதினார். இன்னும் ஒரு வாரம் கூடுதலாகத் தண்ணீர் கூடாது.

ஏன் குதித்தேன்? இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் மற்றவர்களைப் பத்து வரை எண்ண விடுகிறேன். பதினாறு வருடமாக விட்டிருக்கிறேன். தண்ணீருக்குள் தலை போனாலே குதிக்கிற ஆள் இல்லை நான். குமிழி வருகிறதா என்று முதலில் பார்ப்பேன். வியாழக்கிழமை குமிழியைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. அத்தையால் முடியும் என்று நான் ஒரு நிமிடம்கூட நம்பியிருக்கவில்லை. பெஞ்சில் படுத்து உதைத்ததெல்லாம் எனக்கு விளையாட்டு. அவருக்கு இல்லை.

மார்ச் 16, திங்கள்

இவர் கண்ணை மூடிக்கொண்டு களிம்பு போட்டார். கழுத்தில் போட்டார். தலைமுடியில் போட்டார். நீர்நாய் இருக்கும் இடத்துக்கு வரவே இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. அரித்தது. சுவரில் போய் முட்டிக்கொண்டேன். சுவருக்கு அடிக்கத் தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

நாத்தனார் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அவர் என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

"அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. நாள் முழுக்க வாஷ்பேசின்ல தலையை விட்டுக்கிட்டு இருக்காங்க. கூப்பிட்டா கையைக் காட்டறாங்க. டாக்டர்கிட்ட காட்டலாமா?"

"எவ்வளவு நேரம் அண்ணி விடறாங்க?"

"அதையெல்லாமா எண்ணுவாங்க?"

அத்தை பின்னறையில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "காய்ச்சல் இருந்துச்சாமே? அவன் போன்ல சொன்னான்."

"இப்ப இல்ல."

"திரும்பு." பார்த்தார். வாய்க்குள் ஏதோ திட்டினார். மகனைத்தான். "வால்கிட்ட மை போயிருக்கு. எல்லாம் என்னால."

"நீங்க ஒண்ணும் பண்ணல அத்தை. நான்தான் பாக்காம குதிச்சேன்." வழி முழுக்க மனத்துக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் போய்விட்டது. "நீங்க மூழ்கறீங்கன்னு நினைச்சுட்டேன். பயந்துட்டேன். அந்தக் கத்தல் கத்தியிருக்கக் கூடாது. எல்லார் முன்னாடியும்."

"கேட்டுருக்கலாம்ல?"

"தண்ணிக்குள்ள இருக்கறவங்களை எப்படிக் கேக்கறது அத்தை?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். பிறகு அவருக்கு முதலில் சிரிப்பு வந்ததா எனக்கா, தெரியவில்லை. நாத்தனார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முடிவு பண்ணினோம். இனி உள்ளே போனால் கட்டை விரலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். விரல் நிற்கிற வரைக்கும் நான் நாற்காலியை விட்டு எழக் கூடாது.

"எழுந்தா?"

"களிம்பு கிடையாது" என்றார்.

அதற்குள் பையைக் கட்டி வைத்திருந்தார்.

மார்ச் 19, வியாழன்

பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். நீலத் தொப்பி உள்ளே போனது. விரல் மட்டும் வெளியே, செடி முளைத்த மாதிரி.

ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் என் கால் தானாக எழப் பார்த்தது. ஏழில் விரல் லேசாக ஆடியது. ஐயோ, ஆடுதே, ஆடுதே! பக்கத்தில் ஒரு பெண், "மேடம், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள். பதினொன்றில் வெளியே வந்தார். முகமெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் பல்.

முதலில் என் நாற்காலியைத்தான் பார்த்தார். நான் அதில்தான் இருந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

தோல் எல்லாம் உரிந்துவிட்டது. மீசை திரும்ப வந்துவிட்டது! போகவே இல்லையாம். சிவப்பு அடங்கிவிட்டது. பச்சைக்கு மேல் ஒரு மங்கல் இருக்கிறது, கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி. அதுவும் போகுமாம். வால் மட்டும் நடுவில் ஓர் அங்குலம் காணோம்.

"முன்னாடி பெருச்சாளி. இப்ப வாலறுந்த பெருச்சாளி" என்றார் அத்தை.

ஏப்ரல் 2, வியாழன்

மருத்துவர் சரி என்றுவிட்டார். முப்பத்து இரண்டு நாள் கழித்துத் தண்ணீர். முதலில் ஒரு முறை போய்த் திரும்பினேன், யாருக்காகவும் இல்லாமல், எனக்காக. தோள் இறுக்கம் எல்லாம் கழன்றது.

பிறகு அத்தை. மல்லாந்து மிதக்க வேண்டும் என்றார். முதல் தடவை இடுப்பு முங்கியது. இரண்டாம் தடவை மூக்கில் தண்ணீர். மூன்றாம் தடவை, தலையைத் தூக்காமல், வயிற்றை மேலே தள்ளி, கையை விரித்து... நின்றுவிட்டார் தண்ணீர் மேல். கண் திறந்திருந்தது. கூரையின் இரும்புச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டவில்லை. அவரும் இறங்கி வர அவசரப்படவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லிவிட்டோம். "யாரு, எங்கம்மாவா?" என்றார். நான்கு தடவை. பிறகு சளி பிடிக்கும் என்றார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஆறு வாரம் ஆனதும் விட்டுப்போன இடத்தைச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று பச்சை குத்தும் பெண் சொல்லியிருந்தாள். அத்தையும் கூட வந்தார். வாலைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "இதை இருபது நிமிஷத்துல முடிச்சிடலாம்க்கா. ஆனா மறுபடியும் அதே கதைதான். மூணு வாரம் தண்ணி கிடையாது" என்றாள்.

நான் வேண்டாம் என்றேன். வால் இல்லாவிட்டால் என்ன? இப்போதுதான் அத்தை கையையும் காலையும் சேர்த்து அடிக்க ஆரம்பித்திருக்கிறார். ஐந்து மீட்டர் போகிறார். கோணலாகப் போகிறார், ஆனால் போகிறார். இந்த நேரத்தில் மூன்று வாரம் விட்டால்?

"எதுக்கு வேண்டாம்?" என்றார் அத்தை.

"உங்க கிளாஸ் அத்தை. நான் தண்ணில இல்லாம..."

"நீ குத்திக்கோ. எனக்கு என்ன?" அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "முழு வாலா போடும்மா. ஆளைப் பாத்தா பெருச்சாளின்னு சொல்லக் கூடாது."

குப்புறப் படுத்தபோது எனக்கு லேசாக ஒரு வலி. ஊசி இன்னும் தொடவே இல்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

காலையில் எழுந்தபோது அத்தை வீட்டில் இல்லை. செவ்வாயில் எனக்கு மதியம்தான் வேலை. பெண்கள் நேரத்தைச் செவ்வாய்க்கும் நீட்டியிருப்பதாக விசில் போன வாரம் சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. போன் பண்ணலாமா என்று கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தேன். டீ போட்டுக் குடித்தேன்.

ஒன்பதரைக்கு வந்தார். பையைக் கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தார். தண்ணீர் பிழிகிற சத்தம்.

"எங்க போயிருந்தீங்க அத்தை?"

"இங்கதான். முதுகைக் காட்டு, களிம்பு போடணும்."

சட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். கைகழுவிக்கொண்டு வந்தார். குனிந்தபோது அவர் முடியிலிருந்து ஒரு சொட்டு நேராகப் புது வாலின் மேல் விழுந்தது. குளத்துத் தண்ணீரின் வாசனை.

"தண்ணி படக் கூடாது அத்தை" என்றேன்.

"பேசாம இரு" என்று ஒற்றி எடுத்தார்.